ஐயத்துக்குரிய வண்டு: ஒரு பட்டியற் பதிவை விமர்சன நோக்கில் வாசித்தல்

இலக்கியப் பிரதியொன்றை அணுகும்போது அதன் ஆசிரியர் யார், எச்சூழலில் நின்று எழுதினார், எதனைக் கண்டார், எதனைக் காணத் தவறினார் என்ற வினாக்களை எழுப்புதல் இன்று நமக்குப் பழக்கமாகிவிட்டது. ஆனால் இயற்கை விஞ்ஞானத்தின் பெயர்ப்பட்டியல்களை அவ்வாறு வாசிக்கும் வழக்கம் நம்மிடையே வேரூன்றவில்லை. அவை எவராலும் எழுதப்பட்டவை அல்ல, இயற்கையிலிருந்து நேரே படியெடுக்கப்பட்டவை என்ற எண்ணமே இதற்குக் காரணம் எனலாம். ஓர் இனத்தின் பெயர், அப்பெயரை இட்டவர், இட்ட ஆண்டு, அவ்வினம் வாழும் இடங்கள் என நான்கு வரிகளில் முடிந்துவிடும் பதிவொன்றில் விமர்சகனுக்கு என்ன வேலை எனக் கேட்பாரும் உளர். அத்தகைய ஒரு பதிவையே இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. அது வட அமெரிக்காவின் பைன் காடுகளில் வாழும் தனாசிமஸ் டூபியஸ் என்னும் சிறு வண்டைப் பற்றியது.

முதலில் வண்டைப் பார்த்துவிடுவோம். நீளம் ஒரு சென்ரிமீற்றருக்கும் குறைவு. தலையும் மார்பும் செம்பழுப்பு. முதுகை மூடும் வன்சிறகுகளின் முற்பகுதியும் அவ்வாறே. அதற்குப் பின்னர் கருமை. அக்கருமையைக் குறுக்கே அறுத்துச் செல்லும் இரு வெண்ணிற நெளிகோடுகள். மரப்பட்டையில் விரைந்து ஓடும்போது எறும்பென்றோ இறகற்ற குளவியென்றோ எவரும் மயங்குவர். கிளெரிடே என்னும் குடும்பத்தைச் சேர்ந்தது. ஏறத்தாழ 3,500 இனங்களைக் கொண்ட இக்குடும்பத்தின் பல உறுப்பினர் கட்டம்போட்ட துணியைப்போலப் பலநிறத் தோற்றம் உடையவர்களாதலால், கட்டவண்டுகள் என்று பொருள்படும் பெயரே ஆங்கிலத்தில் வழங்குகிறது. நாமும் அவ்வாறே அழைப்போம்.

டூபியஸின் உணவு பட்டைவண்டுகள். பைன் மரத்தின் பட்டைக்குள் சுரங்கம் அமைத்து மரத்தையே கொன்றுவிடும் சின்னஞ்சிறு வண்டுகள் அவை. கட்டவண்டு பட்டையின் மேல் காத்திருந்து, வந்திறங்கும் பட்டைவண்டைப் பற்றிப் பிளந்து தின்னும். பட்டையின் வெடிப்புகளில் அது இடும் முட்டைகளிலிருந்து வெளிவரும் குடம்பிகள் சுரங்கங்களுக்குள் ஊர்ந்து சென்று பட்டைவண்டின் குடம்பிகளைத் தின்று வளரும். பல்லாயிரக்கணக்கான ஏக்கர் காட்டின் வாழ்வும் சாவும் இவ்விரு பூச்சிகளுக்கும் இடையிலான உறவிலே ஓரளவு தங்கியுள்ளது. ஆகவே இப்பதிவில் எழும் பிழை ஏட்டளவில் நின்றுவிடும் பிழையன்று.

இனிப் பதிவுக்கு வருவோம். டூபியஸ் என்பது ஐயத்துக்குரியது எனப் பொருள்தரும் இலத்தீன் அடைமொழி. 1776ஆம் ஆண்டைச் சேர்ந்ததாக மேற்கோள் காட்டப்படும் இப்பெயரை இட்டவர் லினேயஸின் மாணாக்கரான டென்மார்க்கு நாட்டவர் யோகான் கிறிஸ்தியான் பப்ரிசியஸ். அமெரிக்காவின் பைன் காட்டில் அவர் கால்வைத்தவரல்லர். ஐரோப்பியச் சேகரிப்பாளர்களின் பெட்டிகளிலே ஊசி குத்தி வைக்கப்பட்ட மாதிரிகளைக் கண்டே கடல்கடந்த நாடுகளின் பூச்சிகளுக்கு அவர் பெயர் வழங்கினார். தனாசிமஸ் என்ற பேரினப் பெயரோ மரணம் விளைப்பது என்ற கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. 1806இல் பிரான்சிய விஞ்ஞானி லத்ரேய் அமைத்தது. ஆகையால் இன்றைய முறைப்படி எழுதும்போது பப்ரிசியஸின் பெயர் அடைப்புக்குறிக்குள் வரும். பெயரிட்டவர் முதலில் வேறொரு பேரினத்தில் இவ்வினத்தை வைத்திருந்தார், பின்வந்தோர் இடம் மாற்றினர் என்பதற்கு அவ்வடைப்புக்குறியே சாட்சி. பப்ரிசியஸ் அதனைக் கிளெரஸ் என்ற பேரினத்தில் வைத்திருந்தார். பட்டியலைப் படியெடுப்போர் பொருளறியாது சில வேளைகளில் விட்டுவிடும் இச்சிறு குறி, ஒரு கருத்துவேறுபாட்டின் வரலாற்றைத் தாங்கி நிற்கிறது.

இவ்விடத்துக் கலைச்சொல் பற்றி ஒரு வார்த்தை. தமிழ்நாட்டார் பேரினம் என்றும் வரிசை என்றும் வழங்குவனவற்றை இலங்கைப் பாடநூல்கள் சாதி என்றும் வருணம் என்றும் வழங்கி வந்துள்ளன. மனிதரைப் பிறப்பினால் அடுக்கிய அமைப்பின் சொற்களையே உயிர்களை அடுக்குதற்கும் எடுத்துக்கொண்டோம். அடுக்கு இயற்கையானது, மாறாதது என்ற தொனியும் சொல்லோடு கூடவே வந்து சேர்ந்துவிட்டது. ஆனால் வண்டுகளின் பாகுபாட்டில் மாறாதது எதுவுமில்லை என்பதனையே கீழே காணப்போகிறோம். எனவே இக்கட்டுரையில் பேரினம் என்ற சொல்லையே கையாண்டுள்ளேன்.

லத்ரேயைப் பற்றியும் சிறிது கூறாமல் அப்பாற் செல்ல இயலவில்லை. அவர் ஒரு குருவானவர். பிரான்சியப் புரட்சி கோரிய சத்தியப் பிரமாணத்தைச் செய்யாமையால் சிறையிடப்பட்டார். போர்தோ நகரச் சிறையிலே தரையில் ஓடிய ஒரு வண்டை எடுத்து ஆராய்ந்துகொண்டிருந்த வேளை, கைதிகளைப் பார்வையிட வந்த வைத்தியர் அதனைக் கண்டு, பூச்சியியலில் ஈடுபாடுடைய போரி டி செயின் வின்சென்ற் என்ற இளைஞரிடம் கொண்டு சேர்த்தார். அவ்விளைஞரின் முயற்சியால் லத்ரேய் விடுதலை பெற்றார். அவருடன் இருந்த கைதிகள் பலர் சில வாரங்களுள் மாண்டனர். அவ்வண்டு நெக்ரோபியா றூபிகொலிஸ் எனப்படும் கட்டவண்டு. பாரிசில் உள்ள லத்ரேயின் கல்லறையிலே அவ்வண்டின் பெயர் மீட்பர் என்ற அடைமொழியோடு பொறிக்கப்பட்டுள்ளது. நெக்ரோபியாவுக்குப் பின்னர் மீண்டும் வருவோம்.

அமெரிக்காவிலிருந்தே எழுதிய முதன்மையான பூச்சியியலாளர் தோமஸ் ஸே. தனாசிமஸ் ட்றைபாசியேற்றஸ் என்ற இனத்தை 1825இலும், அண்டுலேற்றஸ் என்ற இனத்தை 1835இலும் விவரித்தவர் அவரே. பின்னையது அவர் மறைந்த மறுவருடம் அச்சேறியது. றொபேட் ஓவன் இந்தியானாவில் நிறுவிய நியூ ஹார்மனி என்ற கூட்டுறவுக் குடியிருப்புக்கு 1826இல் ஆற்றுப்படகிலே சென்றிறங்கிய அறிஞர் கூட்டத்தில் ஸேயும் ஒருவர். தனியுடைமையற்ற சமுதாயம் என்ற கனவு ஓரிரு வருடங்களிற் கலைந்தது. ஓவன் நீங்கிய பின்னரும் ஸே அங்கேயே தங்கி, வறுமையிலும் நோயிலும் எழுதி, 1834இல் அங்கேயே இறந்தார். அவருடைய பூச்சிச் சேகரம் பின்னர் பெரும்பாலும் அழிந்தது. உலர்ந்த பூச்சிகளைத் தின்னும் பூச்சிகளே அதனைத் தின்றன. எஞ்சியவை அவர் எழுதிய விவரணங்கள். ஓரினத்தின் பெயர் எந்த மாதிரியைச் சுட்டுகிறது என்று பின்வந்தோர் தேடியபோது அவர்களுக்குக் கிடைத்தவை சில வரிகளே. அவ்வரிகள் பெரும்பாலும் நிறத்தைப் பற்றியவை.

நிறமே இக்குடும்பத்தின் பாகுபாட்டை நெடுங்காலம் ஆண்டது. 1842இல் பேர்லினிலே குளூக்கும் 1844இல் இத்தாலியிலே ஸ்பினோலாவும் கட்டவண்டுகள் பற்றிய பெருநூல்களை வெளியிட்டனர். ஸ்பினோலாவின் வர்ணத் தகடுகள் கண்ணைக் கவர்வன என்பதில் ஐயமில்லை. ஆனால் இவ்வண்டுகளின் நிறமோ பிறவற்றைப் போன்று தோன்றி ஏமாற்றுதற்கென்றே அமைந்த வேடம். எறும்பையும் குளவியையும் போலச் செய்யும் உயிரொன்றை அதன் வேடத்தைக் கொண்டு பாகுபடுத்துவது, நாடக மேடையில் அரசவேடம் தரித்தவனைக் கண்டு அவன் பரம்பரையை எழுதுவதை ஒக்கும். அண்டுலேற்றஸின் மார்பு சில இடங்களிற் செந்நிறமாகவும் சில இடங்களிற் கருநிறமாகவும் காணப்படுகிறது. குளூக் நூபிலஸ் என்று வேறொரு பெயரிட்ட வண்டு, பிற்கால ஆய்வாளரால் அண்டுலேற்றஸுள் அடக்கப்பட்டது. இரண்டென்று கருதப்பட்டது ஒன்றாயிற்று.

இந்நிலை மாறியது எவ்வாறு? கூர்மையான அறிஞர் தோன்றியதால் மாறியது என்று மட்டும் கூறுவது வரலாறாகாது. 1920இல் போவிங், சம்பிளெயின் ஆகிய இருவரும் வட அமெரிக்கக் கட்டவண்டுகளின் குடம்பிகளைப் பற்றி விரிவான ஆய்வொன்றை வெளியிட்டனர். அதுவரை நிறமும் வடிவும் உடைய வளர்ந்த வண்டே ஆய்வுப் பொருளாயிருந்தது. வேடமில்லாத, பட்டைக்குள் மறைந்து வாழும் புழுவை ஏன் திடீரென ஆராயவேண்டும்? பட்டையை உரித்துப் பார்க்கும் வனத்துறை உத்தியோகத்தன் காண்பது புழுவையேயன்றி வண்டை அன்று. அப்புழு மரத்தின் பகையா, பகைக்குப் பகையா என்று அவன் அறியவேண்டியிருந்தது. மரம் பெருமுதலாயிருந்த நாட்டில் அத்தேவை எழுந்தபோது புதிய சான்றுக்கு இடம் பிறந்தது. 1964இல் கிளாஸ்கோவைச் சேர்ந்த குறோசன் குடும்பம் முழுவதையும் மீளாய்வு செய்தார். செக் நாட்டவரான கொலிபாச் 1990களில் அப்பணியைத் தொடர்ந்தார். பூச்சியின் உள்ளமைப்பும் குடம்பிகளும் இவற்றில் நிறத்துக்கு முன்னே வந்தன. அண்மைக்காலத்தில் மரபணுச் சான்றும் சேர்ந்துள்ளது. உபகுடும்பங்களின் எல்லைகள் இன்னும் அசைந்துகொண்டேயிருக்கின்றன. டூபியஸ் கிளெரினே உபகுடும்பத்தில் அமைதியாக நிற்கிறது. நெக்ரோபியாவோ, கணுக்காலின் நான்காம் துண்டு சிறுத்து மறைந்திருப்பது காரணமாகச் சிலராற் குடும்பத்தினின்றே வெளியேற்றப்பட்டு, பின்னர் மீண்டும் சேர்க்கப்பட்டது.

ஒரு எச்சரிக்கை இங்கு அவசியம். பாகுபாடு முற்றிலும் சமூகத்தின் கற்பனையே, வர்க்க நலனின் நிழலே என்று கூறிவிட்டு ஓய்ந்துபோகும் எளிமைவாதம் நம்மவரிடையே சில வேளைகளிற் தலைகாட்டுவதுண்டு. அது எமக்கு உடன்பாடன்று. டூபியஸ் என்பது பப்ரிசியஸின் கற்பனையன்று. அது பெயரிடப்படுவதற்கு முன்னரும் பட்டைவண்டுகளைத் தின்றது. சமூகத் தேவை தீர்மானிப்பது எந்த வினா முதலிற் கேட்கப்படும் என்பதனையே. விடையை வண்டே தருகிறது. அவ்விடையைக் கேட்க மறுத்தால் என்ன நேரும் என்பதற்கு ஒரு வரலாற்றுச் சான்று உண்டு.

1890ஆம் ஆண்டையொட்டி மேற்கு வேர்ஜீனியாவிலும் அயல் மாநிலங்களிலும் தெற்குப் பைன் பட்டைவண்டு பெருகிக் காடுகளை அழித்தது. மாநில விவசாயப் பரிசோதனை நிலையத்திலே பணியாற்றிய ஏ. டி. ஹொப்கின்ஸ் அதனை ஆராய்ந்தார். அக்காலத்துச் சூழலை மனங்கொள்ளல் வேண்டும். 1888, 1889ஆம் ஆண்டுகளில் அவுஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒரு சிறு பொறிவண்டு கலிபோர்னியாவின் தோடைத் தோட்டங்களைச் செதிற்பூச்சியிடமிருந்து காப்பாற்றியிருந்தது. எல்லாப் பீடைக்கும் கடலுக்கப்பால் ஒரு மருந்துண்டு என்ற நம்பிக்கை ஓங்கியிருந்தது. ஹொப்கின்ஸ் 1892இல் ஜேர்மனி சென்று, அந்நாட்டு வனவியலாளர் பெரிதும் போற்றிய தனாசிமஸ் போர்மிகாரியஸ் என்ற கட்டவண்டைச் சேகரித்து வந்து காடுகளில் விட்டார். 1892-93 குளிர்காலத்தின் கடுமையிற் பட்டைவண்டுகள் மடிந்தன. பெருக்கம் தானாகவே அடங்கியது. ஜேர்மன் வண்டு அமெரிக்காவில் நிலைகொள்ளவில்லை.

இதனைத் தோல்வியுற்ற ஒரு பரிசோதனை என்று கூறி நூல்கள் கடந்துவிடுகின்றன. அவ்வாறு கடந்துவிடுதல் தகாது. கலிபோர்னியாவிலே பீடை அந்நியம். ஆகவே அதன் பகையை அதன் தாயகத்திலே தேடியது நியாயம். மேற்கு வேர்ஜீனியாவிலோ பீடை உள்நாட்டது. அதே பைன் மரங்களின் அதே பட்டைகளில் அதனைத் தின்று வாழும் உள்நாட்டுக் கட்டவண்டும், போர்மிகாரியஸின் நெருங்கிய உறவாகிய டூபியஸே, இருந்தது. ஒரு பேரினத்தின் இரு உறுப்பினர் ஒன்றுக்கொன்று ஈடாகுவர் என்ற எடுகோள் பட்டியலிலிருந்து பிறந்தது. உள்நாட்டு வண்டு ஏன் பெருக்கத்தைத் தடுக்கவில்லை, எப்போது தடுக்கும், எது அதற்குத் தடை என்ற வினாக்கள் அன்று பின்தள்ளப்பட்டன. அவை முறையாகக் கேட்கப்பட ஏறக்குறைய 80 வருடங்கள் சென்றன. ஹொப்கின்ஸைக் குறைகூறுதல் என் நோக்கமன்று. அமெரிக்க வனப்பூச்சியியலுக்கு அடித்தளமிட்டவர் அவரே. அவர் கையிலிருந்த பதிவு அவருக்கு இதனைச் சொல்லவில்லை என்பதே கூறவந்தது.

பரம்பல் என்ற நான்காவது வரியை இனி நோக்குவோம். கனடாவின் கிழக்கு மாகாணங்கள் முதல் புளோரிடா, ரெக்சாஸ் வரை என டூபியஸின் பரம்பல் கூறப்படுகிறது. அண்டுலேற்றஸ் வடக்கே அலாஸ்கா முதல் அத்திலாந்திக் கரை வரை ஊசியிலைக் காடுகளைத் தொடர்ந்து செல்கிறது. மேற்கு மலைகளிலும் அதற்கு இடமுண்டு. இவை தவறல்ல. ஆனால் இவை எவ்வாறு பெறப்பட்டன? அமெரிக்கப் பட்டியல்கள் மாநிலப் பெயர்களை அடுக்கிச் செல்வன. 1951இல் நல் என்பார் ஓகாயோவின் கட்டவண்டுகள் பற்றிச் சிறந்ததொரு நூல் எழுதினார். அம்மாநிலத்தின் உயிரியல் அளவைத் தாபனம் அதனை வெளியிட்டது. மாநிலம் பணம் தந்தது. ஆகவே மாநிலம் ஆய்வின் எல்லையாயிற்று. நில அளவையாளன் வரைந்த கோட்டை வண்டு அறியாது. பல்கலைக்கழகமும் ஆர்வமுள்ள சேகரிப்பாளரும் இருந்த மாநிலத்திற் பதிவு மிகும், இல்லாதவிடத்து வெறுமை. வெறுமையை இன்மை என்று வாசிப்பது படத்தைப் பார்ப்போர் எளிதில் செய்யும் பிழை.

பரம்பல் வரலாறாகவே அமைந்துவிடும் என்பதற்கு நெக்ரோபியா தெளிவான எடுத்துக்காட்டு. லத்ரேயை மீட்ட வண்டின் உடன்பிறப்பாகிய நெக்ரோபியா றூபிபெஸ் இலங்கையருக்கு அந்நியமானதன்று. கொப்பறாக் களஞ்சியங்களில் ஓடித்திரியும் செங்கால் நீலவண்டு அதுவே. கருவாடு, பன்றி இறைச்சி, எலும்பு, கொப்பறா ஆகியவற்றோடு கப்பலேறி அது உலகெங்கும் பரந்தது. அமெரிக்கப் பட்டியலிலும் அது அமெரிக்காவில் வாழும் இனமே. அதன் பரம்பற் படத்தை விரித்தால் காண்பது வணிகப் பாதைகளின் படமேயன்றி வேறன்று. டூபியஸின் படமோ பைனின் படம், அதனைவிடப் பைனைத் தின்போரின் படம். ஒரே குடும்பத்தின் இவ்விரு வண்டுகளுக்கும் பரம்பல் என்ற ஒரே தலைப்பின் கீழ் இடங்களை மட்டும் அடுக்கினால், அவை அவ்விடங்களில் இருப்பதற்கான வேறுவேறு காரணங்கள் மறைந்துபோகின்றன.

டூபியஸின் பரம்பல் அதன் புகழ்பெற்ற இரையாகிய தெற்குப் பைன் பட்டைவண்டின் பரம்பலோடு ஒத்துப்போவதில்லை. இரை தெற்கே மெக்சிக்கோவினூடாக மத்திய அமெரிக்கா வரை செல்கிறது. கொல்லி வடக்கே கனடாவுக்குட் புகுகிறது. தெற்குப் பைன் பட்டைவண்டு இல்லாத வடபகுதிகளில் வேறு பட்டைவண்டுகளைத் தின்று அது வாழ்கிறது. எனின் எல்லா இடத்தும் இருப்பது ஒரே டூபியஸ்தானா?

இவ்வினாவுக்கு இரசாயனவியல் ஒரு புதுவழி திறந்தது. பட்டைவண்டு தன் இனத்தைக் கூட்டமாக அழைப்பதற்கு மணப்பொருள்களை வெளியிடுகிறது. தெற்குப் பைன் பட்டைவண்டின் அவ்வழைப்புப் பொருளான புரொன்டலின் 1969இல் இனங்காணப்பட்டது. (அதே பொருள் மதங்கொண்ட ஆசிய யானையின் கன்னச் சுரப்பிலும் உண்டு எனப் பின்னர் அறியப்பட்டது, பூச்சியும் யானையும் ஒரே சொல்லை வேறுவேறு பொருளில் ஆள்கின்றன.) அடுத்த வருடமே வீற்றே, வில்லியம்சன் ஆகியோர் டூபியஸ் அம்மணத்தைப் பின்பற்றியே இரையைக் கண்டடைகிறது என வெளியிட்டனர். பட்டைவண்டின் திருமண அழைப்பு அதன் பகைவனுக்கும் எட்டிவிடுகிறது.

விஸ்கொன்சின் மாநிலத்தில் இரை வேறு, மணமும் வேறு. அங்குள்ள ஒரு பட்டைவண்டு வெளியிடும் இப்ஸ்டயினோல் என்ற பொருள், வலக்கையும் இடக்கையும் போல, ஒன்றுக்கொன்று கண்ணாடி விம்பமான இரு வடிவங்களையுடையது. றஃபா, கிளெப்சிக் ஆகிய இருவரும் 1989இல் வெளியிட்ட ஆய்வின்படி, பட்டைவண்டு விரும்பும் கலவை விகிதமும் டூபியஸ் விரும்பும் விகிதமும் வேறானவை. மேலும், பட்டைவண்டு தன் அழைப்போடு கலக்கும் லனியரோன் என்ற பொருளை இனத்தோர் நன்கு உணர்வர். டூபியஸுக்கு அது பெரிதும் எட்டுவதில்லை. கொல்லியின் காதில் விழாதவாறு இரை தன் பேச்சை மாற்றிக்கொண்டு வருகிறது, கொல்லி பின்தொடர்கிறது. 2009இல் றீவ் முதலியோர் வெளியிட்ட ஆய்வும் கொல்லியின் விருப்பம் பிரதேசத்துக்குப் பிரதேசம் வேறுபடுவதைக் காட்டியது. ஆகவே ஒரு பெயர், இரு வெண்கோடுகள், ஒரே உருவம். ஆயினும் நடத்தையில் ஓர் ஒருமை இல்லை. இதனால் டூபியஸைப் பல இனங்களாக உடைக்கவேண்டும் என்று நான் வாதிடவில்லை. ஓர் இடத்து டூபியஸை மற்றோரிடத்து டூபியஸுக்கு ஈடாகக் கொள்ளலாமா என்பதே வினா. ஹொப்கின்ஸின் பிழை பேரின மட்டத்தில் நிகழ்ந்தது. அதே பிழை இன மட்டத்திலும் நிகழக்கூடும்.

இனி இவ்வண்டின் வாழிடம் பற்றி. அமெரிக்கத் தெற்கின் நீளிலைப் பைன் காடு ஒருகாலத்தில் ஏறத்தாழ 9 கோடி ஏக்கர் பரந்திருந்தது. வெட்டுமரக் கம்பனிகள் அதனை வெட்டித் தீர்த்தன. 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் 30 இலட்சம் ஏக்கரளவே எஞ்சியது. பருத்தியால் வளமிழந்து கைவிடப்பட்ட நிலங்களிலும் வெட்டப்பட்ட காடுகளிலும் விரைந்து வளரும் லொப்லொலிப் பைன் நெருக்கமாக எழுந்தது. பின்னர் வரிசையாக நடப்பட்டது. தெற்குப் பைனிலிருந்து செய்தித்தாட் காகிதம் உற்பத்தி செய்த முதலாவது ஆலை 1940இல் ரெக்சாசின் லஃப்கின் நகரிலே தொழிற்பட்டது. நீளிலைப் பைன் பட்டைவண்டை ஓரளவு தாக்குப்பிடிக்கும். நெருக்கமாக நிற்கும் லொப்லொலி தாக்குப்பிடிக்காது. பட்டைவண்டின் பெருக்கம் இயற்கையின் சீற்றம் என்று பத்திரிகைகளில் வர்ணிக்கப்படுவதுண்டு. அச்சீற்றத்துக்கு வேண்டிய விருந்தை வரிசைவரிசையாக நட்டு வைத்தவர் யார் என்பது அங்கே கூறப்படுவதில்லை.

பட்டைவண்டின் ஒரு தலைமுறை கோடையில் ஒன்றிரண்டு மாதங்களில் முடிந்துவிடும். டூபியஸ் அவ்வளவு விரைவதில்லை. 1996இல் வெளியான ஆய்வொன்று, பட்டைவண்டுகள் நீங்கிச் சென்ற மரத்திலிருந்து டூபியஸ் இரண்டு வருடங்கள் வரையும் வெளிவந்துகொண்டிருந்ததைக் காட்டியது. 1999இல் ரேர்ச்சின், ரெயிலர், றீவ் ஆகியோர் வெளியிட்ட பரிசோதனை இதனுடன் சேர்த்து நோக்கற்பாலது. லூசியானாவில் ஐந்து வருடங்களாக மரங்களிற் கூடமைத்துக் கொல்லிகளை விலக்கிப் பார்த்தபோது, கொல்லிகளின் தாக்கம் பெருக்கத்தோடு உடன் எழாமல் காலந்தாழ்ந்தே வலுப்பெற்றது என்பது தெரியவந்தது. பெருக்கமும் வீழ்ச்சியுமாகச் சுழலும் வட்டத்துக்கு அத்தாமதமே ஒரு காரணம் என்பது அவர்கள் வாதம்.

செத்துநிற்கும் மரம் கணக்காளனுக்கு நட்டம். ஆகவே பட்டைவண்டு தாக்கிய பகுதியை வெட்டி அகற்றுதல் வழமையான சிகிச்சையாயிற்று. வண்டு இன்னும் உள்ளே இருக்கும் மரத்தை அகற்றுவது பயனுடையதே. ஆனால் பட்டைவண்டு நீங்கிவிட்ட, சிவந்து காய்ந்த மரங்களையும் கூடவே அகற்றும்போது அகற்றப்படுவது பட்டையுள் உறங்கும் டூபியஸின் அடுத்த தலைமுறை. இதனை உணர்ந்து வண்டு நீங்கிய மரங்களை நிற்கவிடும்படி வனத்துறை வழிகாட்டிகள் ஆலோசனை கூறுகின்றன. பெருந்தோட்ட உரிமையாளனின் செலவுக் கணக்கில் அவ்வாலோசனைக்கு எவ்வளவு இடமுண்டு என்பது வேறு விடயம்.

1980களின் நடுப்பகுதியில் ரெக்சாஸ் வனத்துறையில் உருவாகித் தென்மாநிலங்கள் எங்கும் பரவிய முன்னறிவிப்பு முறையொன்று உண்டு. இளவேனிலிற் புரொன்டலின் வைத்த பொறிகளைத் தொங்கவிட்டு, விழும் பட்டைவண்டுகளையும் கட்டவண்டுகளையும் தனித்தனி எண்ணுவர். பட்டைவண்டின் தொகை மட்டும் முன்னறிவிப்பைத் தருவதில்லை. இரண்டும் சேர்ந்த தொகையில் அதன் பங்கு எவ்வளவு என்பதும் சேர்ந்தே தருகிறது. 200 வருடங்களுக்கு மேலாக நூதனசாலைப் பெட்டிகளில் ஒரு பெயராயிருந்த டூபியஸ் இங்கு ஒரு விகிதத்தின் உறுப்பாக மாறியது. அது எங்கே இருக்கிறது என்ற வினா, எவ்வளவு இருக்கிறது, எதற்கு எதிரே இருக்கிறது என்ற வினாவாயிற்று. என் மதிப்பீட்டில் இவ்வினத்தின் பரம்பல் பற்றி எழுதப்பட்டவற்றுள் பொருள் நிறைந்த பிரதி இப்பொறிக் கணக்கேயாகும். அதனை எழுதியவர்கள் பாகுபாட்டு அறிஞரல்லர் என்பது குறிப்பிடத்தக்கது.

குளிர்காலக் கடுமை 1892-93இல் பட்டைவண்டைக் கொன்றது என்று கண்டோம். இன்று குளிர் அவ்வாறு கொல்வதில்லை. 21ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூ யேர்சியின் பைன் நிலங்களிலே பட்டைவண்டு பெருகியது. 2014இல் நியூயோர்க்கின் லோங் ஐலன்டிலும் 2015இல் கனற்றிக்கட்டிலும் கண்டறியப்பட்டது. மிகக் குளிர்ந்த இரவின் வெப்பநிலை உயர்ந்தமையே இவ்வடக்கு நகர்வுக்கு அடிப்படை. அதன் பரம்பலைக் குறித்த பழைய வரி இதனால் திருத்தப்படவேண்டியதாயிற்று. டூபியஸின் வரியில் எதுவும் மாறவில்லை. அது அங்கே முன்னரே இருந்தது. ஆனால் வடக்கிலே வேறு இரையோடும் வேறு மணத்தோடும் பழகிய டூபியஸ், புதிதாய் வந்திறங்கும் இந்த இரையின் அழைப்பைத் தெற்கத்திய டூபியஸைப் போல விரைந்து கேட்குமா? இன்னார், இன்ன ஆண்டு, இன்ன மாநிலங்கள் என்று முடியும் பதிவு இவ்வினாவுக்கு இடமே வைக்கவில்லை. எந்த மரத்தில், எந்த மாதத்தில், எதனைத் தின்றுகொண்டிருந்தபோது பிடிக்கப்பட்டது என்ற மூன்று குறிப்புகளை மாதிரியின் அடியிலுள்ள சிறு தாளில் எழுதச் சேகரிப்பாளனுக்கு ஒரு நிமிடம் போதும்.